உறையின் மேல் என்ன எழுதுவது?

கேள்வி: அக்கா, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அண்ணனுக்குச் சொத்துப் பத்திரம் ஒன்றை விரைவு அஞ்சலில் அனுப்பவேண்டும். உறையில் முகவரியை எப்படி எழுதுவது?
– வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: முதலில் பத்திரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கெட்டியான உறைக்குள் வையுங்கள். ஸ்டேப்ளர் வேண்டாம்.

பெறுநர் முகவரி நடுவில், பெரிதாக இருக்கட்டும். அண்ணன் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்து எழுதுங்கள். நம் ஊர்த் தெருக்களில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். கதவு எண், தெரு, கிராமம், அஞ்சலகத்தின் பெயர், வட்டம், மாவட்டம், பின்கோடு என்று வரிசையாக வரட்டும். கடைசி வரியில் இந்தியா என்பதை மட்டும் தனியாக, ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கிராமத்துத் தபால்காரருக்காகப் பக்கத்தில் தமிழிலும் முகவரியை எழுதலாம். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

அனுப்புநர் முகவரி இடது மேல் மூலையில், சின்னதாக. புளோக் (அடுக்குமாடிக் கட்டட) எண், வீட்டு எண் இரண்டும் வேண்டும். இந்தியப் பின்கோடு 1972இலிருந்து 6 இலக்கம். நம் சிங்கப்பூர் அஞ்சல் குறியீடும் 1995இலிருந்து 6 இலக்கம்தான். அதனால் இரண்டையும் அருகருகே எழுதாதீர்கள்.

அண்ணனின் கைப்பேசி எண்ணை மறக்கவே கூடாது. என் அம்மாவுக்கு அனுப்பிய உறையில் அதை விட்டுவிட்டேன். வீடு பூட்டியிருந்ததால் உறை திரும்பிப் போய், ஒரு வாரம் தவித்தோம்.

ரசீதில் உள்ள கண்காணிப்பு எண்ணை அன்றே அண்ணனுக்கு அனுப்பிவிடுங்கள்.