நிறமா, பிறப்பா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க நிறவெறியைச் சாதிமுறை என்றே சொல்லலாம் என்று வகுப்பில் சொன்னார்கள். நிறம் கண்ணுக்குத் தெரிகிறது, சாதி தெரிவதில்லை. இரண்டும் எப்படி ஒன்றாகும்?
– கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

நிறம் வெறும் அடையாளம். உள்ளே ஓடுவது பிறப்புக் கணக்கு. 1662-இல், அன்று இங்கிலாந்தின் காலனியாக இருந்த வர்ஜீனியாவில் ஒரு சட்டம் போட்டார்கள்: பிள்ளை அடிமையா இல்லையா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும். இங்கிலாந்து வழக்கப்படி தகப்பன் வழிதான் பிள்ளைக்கு. அதைத் தலைகீழாக்கியதன் காரணம் லேசில் விளங்கும். அடிமைப் பெண்ணிடம் முதலாளிக்குப் பிறக்கும் பிள்ளை வாரிசாக வந்து நிற்கக் கூடாது. சொத்துக் கணக்கில் ஏற வேண்டும். அது எவ்வளவு வெளுப்பாகப் பிறந்தாலும் சரி.

1892-இல் லூசியானாவில் வெள்ளையர் ரயில் பெட்டியில் ஏறிய ஹோமர் பிளெஸ்ஸிக்கு எட்டில் ஒரு பங்குதான் கறுப்பின வம்சம். பார்த்தால் தெரியாது. அவராகச் சொன்ன பிறகே கைது செய்தார்கள். 1896-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தனிப்பெட்டிச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கண்ணுக்கே தெரியாத நிறத்துக்குத் தண்டனை என்றால், அதற்குச் சாதி என்பதைவிடப் பொருத்தமான பெயர் என்ன?

அடுத்தது கல்யாணம். சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் நிறுவினார். அமெரிக்காவில் இதற்கு எழுத்திலேயே சட்டம் இருந்தது. 1967-இல் லவ்விங் தம்பதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கலப்பு மணத் தடையை நீக்கும்வரை 16 மாநிலங்களில் அது நடைமுறையில் இருந்தது. அலபாமா தன் அரசியல் சட்டத்திலிருந்து அந்த வரியை அடித்தது 2000-ஆம் ஆண்டில்தான்.

தீட்டு என்பது அங்கே உண்டா?
– வாசகர், சிதம்பரம்

உண்டு. குடிதண்ணீர்க் குழாய் தனி, நீச்சல் குளம் தனி. தென் மாநிலங்களில் சில நீதிமன்றங்களில் சத்தியம் செய்யத் தொடும் பைபிள்கூட வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று என்று வைத்திருந்தார்கள்.

ஆனால் இரண்டும் அச்சு அசலாக ஒன்று என்று சொல்பவர்கள் அடுப்படியைக் கவனிக்க வேண்டும். அங்கே வெள்ளையர் வீட்டில் சமைத்ததும், பிள்ளைக்குப் பால் கொடுத்ததும்கூடக் கறுப்பினப் பெண்கள்தான். சமைக்கலாம், அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. வேலையாளாகத் தொட்டால் தோஷமில்லை, சமமாகத் தொட்டால்தான் குற்றம். இங்கேயோ சத்துணவுக் கூடத்தில் பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்று பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். இன்னொன்று, நம்முடையது படிக்கட்டு. ஏறக்குறைய ஒவ்வொருவருக்கும் மிதிக்கக் கீழே ஒருவர் உண்டு. அதனால்தான் கீழே இருப்பவர்கள் ஒன்றுசேர்வது இங்கே இன்னும் கடினம்.

பாகுபாட்டுச் சட்டங்கள் 1960-களிலேயே ஒழிந்துவிட்டன. இன்னும் ஏன் இந்தப் பேச்சு?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருப்பாதிரிப்புலியூர்

கடன் பிரிவில் இருந்தவருக்கு இது சட்டென்று பிடிபடும். 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. நல்ல பகுதி பச்சை, அடுத்தது நீலம், பிறகு மஞ்சள், ஆபத்தான பகுதி சிவப்பு. கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்கள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. 1934-இல் தொடங்கிய அரசின் வீட்டுக்கடன் காப்பீடும் இதுபோன்ற கணக்கில்தான் நடந்தது. காப்பீடு இல்லாத இடத்தில் எந்த வங்கி கடன் கொடுக்கும்? கடன் இல்லையென்றால் வீடு வாங்க ஆள் வராது, விலையும் ஏறாது. அங்கே பள்ளிக்கூடச் செலவில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருவதால், விலை ஏறாத பகுதியில் பள்ளியும் நொடித்தது. 1968-இல் வீட்டுப் பாகுபாட்டைச் சட்டம் தடுத்தது உண்மைதான். ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. வெள்ளைக் குடும்பத்துப் பேரன் கையில் வீட்டுப் பத்திரம். மற்றவர் பேரன் கையில் வாடகை ரசீது.

1935 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் அதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். தெற்கில் அந்த வேலைகளில் நிறைந்திருந்தவர்கள் யார் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா?

நம் பக்கத்தில் இதற்கு இணை தேடினால் பஞ்சமி நிலத்தைப் பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை ஒட்டி 1892-இல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய நிலம் அது. முதல் 10 ஆண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் அதே வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. இருந்தும் பெருமளவு கைமாறிப் போனது. ஒரு நிலம் பஞ்சமியா என்று அறிய இப்போதைய பட்டாவை மட்டும் நம்ப வேண்டாம். அதில் நிபந்தனை விடுபட்டிருக்கலாம். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டுக்கும் கிராம 'அ' பதிவேட்டுக்கும் நகல் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் சமத்துவம் பேசியவர்கள். புதுச்சேரியில் நிறப் பாகுபாடு இருந்ததா?
– வாசகர், முத்தியால்பேட்டை

பெரிய வாய்க்காலைத் தாண்டிப் பார்த்தாலே பதில் கிடைக்கும். கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. அந்த மேற்கிலும் செட்டித் தெரு, கோமுட்டித் தெரு, வெள்ளாளத் தெரு. வெளிக்கோடு நிறம், உள்கோடு சாதி. சம்பா கோவில் என்னும் மாதா கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் ஒடுக்கப்பட்டவர்களையும் பிரித்து நின்ற சுவரை 1745-இல் இடித்த சேதியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். முறையிட்டவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டவர்கள்தான்.

1873-இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததே குற்றமாயிற்று. இந்தியர் காலில் அது கூடாதாம். பாரிஸ் வரை போய் ஜெயித்தார். 1881 ஆணையின்படி, பரம்பரைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பவர் சாதிப்பெயர் விட்டுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றானது. இது யாருக்கு அதிகம் தேவைப்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1884-இல் வாக்காளர் பட்டியலை மூன்றாக்கி ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று என வைத்தார்கள். சட்டத்தில் சமமான பிரெஞ்சுக்காரர், வாக்குச்சீட்டில் இடைச்சாதி!

அமெரிக்கா போன நம்மவர்கள் எந்தப் பக்கம்?
– வாசகர், நெய்வேலி

இரண்டு பக்கமும். பஞ்சாபிலிருந்து போன பகத் சிங் திந்த், தாம் உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையர் என்று வாதாடிக் குடியுரிமை கேட்டார். 1923-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரும் அதை இழந்தார்கள். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரியில் சியாட்டில் மாநகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய இதுபோன்ற மசோதாவை ஆளுநர் அக்டோபரில் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். எதிர்த்துக் கூட்டம் போட்டவர்களில் இந்திய வம்சாவளியினரும் இருந்தார்கள், ஆதரித்தவர்களிலும் இருந்தார்கள்.