ரீச்சரைக் கேளுங்கோ: தவழுற பிள்ளை தொடக்கம் பென்சன் எடுத்த அப்பா வரைக்கும்

வணக்கம் பிள்ளையள். 31 வருசம் படிப்பிச்சனான், அதில அரைவாசிக் காலம் முன்பள்ளி ரீச்சர்மாருக்கு பிள்ளை உளவியல். இப்ப வீட்டில சும்மா இருக்கிறன், அதால கேளுங்கோ. நான் டொக்டர் இல்லை, மருந்து மட்டும் கேக்கக் கூடாது.

கேள்வி (கோண்டாவில்): ரீச்சர், மகனுக்கு 14 மாசம். பிடிச்சுப் பிடிச்சு நடக்கிறார், தனிய நடக்கேல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை 10 மாசத்தில நடந்தது எண்டு மாமி ஒவ்வொரு நாளும் சொல்லிக் காட்டுறா. வோக்கர் வாங்கட்டோ?

பதில்: மாமியிட்ட இதைச் சொல்லுங்கோ. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா எண்டு 5 நாட்டுப் பிள்ளையளை வைச்சுப் பாத்தது. தனிய நடக்கத் தொடங்கிறது 8 மாசம் கழிஞ்சதில இருந்து 17½ மாசம் வரைக்கும் எப்ப வேணுமெண்டாலும் வரலாம், ரெண்டு பிள்ளையும் சாதாரணம் தான். 18 மாசம் முடிஞ்சும் நடக்கேல்லை எண்டால் கிளினிக் கொப்பியையும் கொண்டு போய்க் காட்டுங்கோ. வோக்கர் வேண்டாம், அது நடையைக் கெதியாக்காது, படியால உருண்டு விழுறது தான் மிச்சம். கனடாவில 2004 இல இருந்து அதை விக்கவே தடை, அதால அங்க இருக்கிற சித்தியிட்டயும் கேளாதேங்கோ.

கேள்வி: மகளுக்கு 2 வயசு, நாலைஞ்சு சொல்லு தான். போனில பாட்டு எல்லாம் வடிவாப் பாப்பா. அவவின்ர அப்பாவும் 4 வயசில தான் கதைச்சவராம், பொறுத்துப் பாக்கட்டோ?

பதில்: இதில பொறுக்காதேங்கோ. நடையில விட்டுக் குடுத்த மாதிரி இதில விட மாட்டன். 2 வயசில 50 சொல் அளவில வரோணும், "அம்மா வா", "பால் தா" எண்டு ரெண்டைச் சேர்க்கவும் வேணும். முதல்ல காது கேக்குதோ எண்டு பாக்கச் சொல்லிக் கேளுங்கோ, கனபேர் அதைத்தான் மறக்கிறது. போனைப் பற்றி: ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம், குறைஞ்சால் இன்னும் நல்லம் எண்டு தான் 2019 இல உலக சுகாதார நிறுவனம் 2 வயசுப் பிள்ளையளுக்குச் சொன்னது. போன் அவவுக்குப் பதில் சொல்லாது பாருங்கோ, நீங்கள் சொல்லுவியள்.

கேள்வி: 4 வயசு மகனுக்கு ஒரு பிஸ்கட்டை ரெண்டா உடைச்சுக் குடுத்தா "எனக்கு ரெண்டு" எண்டு துள்ளுறான். மண்டை கொஞ்சம் குறைவோ ரீச்சர்?

பதில்: (சிரிச்சுப் போட்டன்) இல்லையம்மா, சரியான வயசில சரியான பிழை. பியாஜே எண்ட சுவிஸ்காரர் இதைத்தான் தண்ணியை வைச்சுக் காட்டினவர். கட்டைக் கோப்பையில இருக்கிறதை நெட்டைக் கிளாசில ஊத்தினால் கூடிப் போச்சு எண்டு பிள்ளை சொல்லும், ஒரு 7 வயசு மட்டும். என்ர பேரனிட்ட தேத்தண்ணியை ஊத்திப் பாத்தன், அப்பிடியே சொன்னான். ஆனா 1974 இல ஸ்கொட்லாந்தில ரெண்டு பேர் அதே மாதிரி ஒரு பரிசோதனையில சாமான்களைப் பெரியாள் மாத்தாமல் ஒரு குழப்படிக் கரடிப்பொம்மை வந்து குழப்பின மாதிரிச் செய்தவை, அப்ப கனக்கச் சின்னப் பிள்ளையள் சரியாச் சொல்லிச்சினம். பெரியாள் ஒரே கேள்வியை ரெண்டு தரம் கேட்டா முதல் சொன்னது பிழையாக்கும் எண்டு பிள்ளை நினைக்குது போல. நாங்களும் அப்பிடித்தானே.

கேள்வி (இப்ப லண்டன், ஊர் மானிப்பாய்): 1995 ஒக்டோபர் 30, சண்டையால யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்த நேரம் எனக்கு 2 வயசும் 4 மாசமும். நாவற்குழிப் பாலத்தில அப்பாவின்ர தோளில இருந்தது, மழை, ஆரோ ஒருத்தர் சைக்கிளில கட்டின ஆட்டுக்குட்டி எல்லாம் எனக்கு ஞாபகம். அண்ணா சொல்லுறான் நீ முழு வழியும் நித்திரை எண்டு. ஆர் சரி?

பதில்: தம்பி, உங்கட கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சன். பெரும்பாலான ஆக்களுக்கு முதல் ஞாபகம் 3, 3½ வயசு அளவில தான் தொடங்கும். அதுக்கு முதல் நடந்ததைப் பிள்ளை நினைவு வைக்காது எண்டில்லை, 2 வயசுப் பிள்ளை போன மாசம் நடந்ததைச் சொல்லும், ஆனா பேந்து அது அழிஞ்சு போகும், ஏன் எண்டால் ஞாபகத்தைக் கட்டி வைக்கிற மூளைப் பகுதியும் அதைக் கதையாக்கிற பேச்சும் அப்பதான் வளருது. பிறகு வீட்டில அம்மா சொல்ல, அம்மம்மா சொல்ல, கேட்டுக் கேட்டு ஒரு படம் வரும், அதுக்கும் உண்மையான ஞாபகத்துக்கும் உள்ளுக்கு வித்தியாசம் தெரியாது. ஆட்டுக்குட்டி ஆரின்ர வாயில இருந்து வந்தது எண்டு வீட்டில ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. அண்ணாவும் முழுக்கச் சரி எண்டில்லை, அவற்ர ஞாபகமும் ஒவ்வொரு தரம் எடுக்கேக்க கொஞ்சம் மாறித்தான் இருக்கும்.

நானும் அண்டைக்கு அந்தப் பாலத்தில நிண்டனான். என்ர மகளுக்கு 6 வயசு, அவவுக்கு மிச்சம் இருக்கிறது செருப்பு அறுந்தது மட்டும் தான்.

இன்னொண்டு. இரண்டாம் உலகப்போரில லண்டனில குண்டு விழேக்க அன்னா பிராய்ட், டொரதி பர்லிங்கம் எண்ட ரெண்டு பிள்ளை உளவியல்காரர் பிள்ளையளை வைச்சுப் பராமரிச்சவை. தாயோட இருந்த பிள்ளையள் குண்டுச் சத்தத்தை ஓரளவுக்குத் தாங்கிச்சுதுகள், தாயை விட்டுப் பிரிச்சு அனுப்பினதுகளுக்குத்தான் கூடப் பாதிப்பு எண்டு எழுதினவை. ஆட்டுக்குட்டி இருந்துதோ இல்லையோ, தோள் இருந்தது.

கேள்வி: ஏ.எல் படிக்கிற மகன் இரவு 12 தாண்டியும் முழிப்பு, விடிய 5:30 ரியூசனுக்கு எழுப்பேலாது. சோம்பேறி ஆகிட்டான்.

பதில்: சோம்பல் இல்லை. அந்த வயசில நித்திரை வர வைக்கிற ஹோர்மோன் பிந்தித்தான் சுரக்கும், ஆனா நித்திரை 8 தொடக்கம் 10 மணித்தியாலம் வேணும். நானும் ஒரு காலத்தில விடிய வகுப்பு வைச்சனான், முன் வாங்கில மூண்டு பேர் தூங்குவினம், நான் சோக்கட்டியால எறிவன். இப்ப வெக்கமாக் கிடக்கு. வகுப்பைப் பின்னேரத்துக்கு மாத்தேலுமோ எண்டு பாருங்கோ.

கேள்வி: அப்பா 60 இல பென்சன் எடுத்து ஒரு வருசம். பேர் எல்லாம் மறக்கிறார், எல்லாருக்கும் எரிஞ்சு விழுறார். மறதி வருத்தமோ?

பதில்: பேர் பிந்தி வாறது வயசுக்கு வழமை. திறப்பை எங்க வைச்சது எண்டு மறந்தால் பரவாயில்லை, திறப்பு என்னத்துக்கு எண்டு மறந்தால், பழகின ஒழுங்கையில வழி தெரியாமல் நிண்டால், உடன காட்டோணும். மூளையின்ர வேகம் சின்ன வயசிலயே இறங்கத் தொடங்குது, ஆனா சொல்லறிவும் அனுபவ அறிவும் 60 தாண்டியும் நிக்கும். ரூபின்ஸ்டைன் எண்ட பியானோக்காரர் கிழவனாகியும் எப்பிடி வாசிச்சவர் தெரியுமோ? உருப்படியைக் குறைச்சு, அதையே கூடப் பழகி, வேகமான இடத்துக்கு முதல் கொஞ்சம் மெதுவாக்கி. எங்கட தவில்காரரும் அந்தத் தந்திரம் தெரிஞ்ச ஆக்கள் தான்.

எரிஞ்சு விழுறது வேற. எரிக்சன் எண்ட உளவியல்காரர் வாழ்க்கையை 8 கட்டமாப் பிரிச்சவர், ஒவ்வொண்டிலயும் மனசுக்கு ஒரு போராட்டம் எண்டு, பேந்து அவற்ர மனிசி ஜோன் 1997 இல வந்த பதிப்பில 9 ஆவது ஒண்டையும் சேர்த்தா, அப்ப அவவுக்கு 90 தாண்டீட்டுது, தானே கிழவியாகிப் பாத்தாப் பிறகு தான் எட்டு காணாது எண்டு விளங்கினது. அப்பாவுக்கு இப்ப தன்னை ஆரும் தேடி வரேல்லை எண்டது தான் நோகுது போல. பக்கத்துப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லிக் கேளுங்கோ, "உதவி செய்யுங்கோ" எண்டு கேளுங்கோ, "பொழுது போகும்" எண்டு சொல்லாதேங்கோ.

கேள்வி: ரீச்சர் எனக்கு 54, ஸ்கூட்டி பழகலாமோ? மகள் சிரிக்கிறாள்.

பதில்: பழகலாம். மகள் ஒரு கிழமையில பழகினதுக்கு உங்களுக்கு மூண்டு கிழமை எடுக்கலாம், அவ்வளவு தான். சுன்னாகம் சந்தையடியில மட்டும் பழகாதேங்கோ.