வேலையை விட்டுவிட்டு நாய்களுக்காக நிலம் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 42 வயது. கோவை வடவள்ளியில் 69 வயது அம்மாவுடன் வாடகை வீட்டில் இருக்கிறேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஐந்து புத்தகங்கள் எழுதியிருக்கிறேன், மொழிபெயர்ப்பும் செய்கிறேன். ஒரு அச்சகத்தில் பகுதி நேரமாக மெய்ப்புப் பார்ப்பதில் மாதம் 18,000 ரூபாய் வருகிறது. சென்ற ஆண்டு மொழிபெயர்ப்பில் 2.10 லட்சமும் ராயல்டியாக 46,000 ரூபாயும் கிடைத்தன. அடிபட்ட, கைவிடப்பட்ட தெருநாய்களை வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல இடமாகப் பார்த்துத் தத்துக் கொடுக்கிறேன். ஆறு வருடத்தில் 31 நாய்கள் போயிருக்கின்றன, இப்போது நான்கு இருக்கின்றன. அவற்றுக்கு மாதம் ஆறாயிரம் ஆகும் என நினைக்கிறேன். வங்கி டெபாசிட் 5 லட்சம். கிரெடிட் கார்டில் 62,000 பாக்கி, ஒரு குட்டியின் கால் அறுவை சிகிச்சைக்குத் தேய்த்தது. பூர்வீக வீட்டை விற்றதில் அம்மாவின் பங்காக, வரி போக 15 லட்சம் வந்திருக்கிறது. அதில் ஊருக்கு வெளியே ஐந்து சென்ட் வாங்கி நாய்களுக்கு ஷெட் போட்டுவிட்டு, வேலையையும் விட்டு, பாதியில் நிற்கும் நாவலை முடிக்க நினைக்கிறேன். அம்மாவுக்கும் சம்மதம். செய்யலாமா? நாய்ச் செலவுக்கு வரிச் சலுகை உண்டா?

பதில்: சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிலம் வேண்டாம். வேலையை விட வேண்டாம், ஆனால் நாவலுக்காக ஆறு மாதம் விடுப்பு எடுக்க முடியும், அதற்கான பணம் உங்களிடம் இப்போதே இருக்கிறது. நாய்களையும் விட வேண்டாம். ஒரே நேரத்தில் எத்தனை என்பதை மட்டும் மாற்ற வேண்டும்.

நான் கேட்டதும் பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கையும் ஜிபே பட்டியலையும் அனுப்பினீர்கள். ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். அரிசி, கோழித் தலை, கால், ஈரல் எல்லாம் சேர்த்து மாதம் 7,200, நீங்கள் நினைத்த ஆறாயிரம் சாப்பாட்டுக்கே போதவில்லை. அதற்கு மேல் தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, கருத்தடை, பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த குட்டிக்கு ஐந்து நாள் ட்ரிப்ஸ், ராத்திரி பதினொரு மணிக்குப் பிடித்த ஆட்டோ. மொத்தம் வருடத்துக்கு 1,60,800, அதாவது மாதம் 13,400. உங்கள் கணக்குத் தப்பியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. சோறு தினமும் கண்ணில் படுகிறது. வைத்தியச் செலவு திடீரென்று வந்து, அழுகையும் பதற்றமுமாகக் கழிந்துவிடுகிறது, யாரும் அதை நோட்டில் எழுதி வைப்பதில்லை.

இப்போது மொத்தமாகப் பாருங்கள். சம்பளம் 2.16 லட்சம், மொழிபெயர்ப்பு 2.10, ராயல்டி 0.46, ஆக 4.72 லட்சம் வரவு. வாடகை 11,000, வீட்டுச் செலவு 14,000, அம்மாவின் மருந்து 3,000 என்று மாதம் 28,000 போகிறது, வருடத்துக்கு 3.36 லட்சம். நாய்களைச் சேர்த்தால் 4.97 லட்சம். 25,000 ரூபாய் துண்டு விழுகிறது, நண்பர்களும் வாசகர்களும் அனுப்பிய 68,000 ரூபாய்தான் அதை மூடியிருக்கிறது. வேலையை விட்டால் வரவு 2.56 லட்சமாகச் சுருங்கும். அப்போது வீட்டில் ஒரு நாய்கூட இல்லாவிட்டாலும் வருடத்துக்கு 80,000 பள்ளம். அதனால்தான் விட வேண்டாம் என்கிறேன்.

சரி, எண்ணிக்கைக்கு வருகிறேன், என் பதிலின் மையமே இதுதான். ஆறு வருடத்தில் 31 என்றால் வருடத்துக்கு ஐந்து. ஒரு நாய் உங்களிடம் பத்து வாரம் இருந்து தேறிப் போகிறது என்று வையுங்கள், வருடத்துக்கு 52 வாரம், ஒரே ஒரு இடத்தை வைத்துக்கொண்டே ஐந்து நாய்களை அனுப்பிவிடலாம். அப்படியென்றால் உங்கள் வீட்டில் ஏன் நான்கு இருக்கின்றன? ஒன்று, கண் தெரியாத ஒன்பது வயதுக் கிழவி, அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மற்ற மூன்றில் இரண்டு, எட்டு மாதத்துக்கு மேலாக உங்களிடமே தங்கிவிட்டன. தேறிவிட்டன, ஊசி போட்டாகிவிட்டது, கருத்தடையும் முடிந்தது, ஆனால் வீடு தேடும் வேலை நின்றுபோயிருக்கிறது, ஏனென்றால் அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. மீட்பது கண்ணுக்குத் தெரிகிற வேலை, உடனே செய்தாக வேண்டிய வேலை. தத்துக் கொடுப்பது தொலைபேசியிலும் விசாரணையிலும் மெதுவாக நடக்கிற வேலை. உங்கள் பணம் தேங்கி நிற்பது இரண்டாவதில்தான். அடுத்த மூன்று மாதம் புதிதாக எதையும் எடுக்காதீர்கள், அந்த நேரத்தை அந்த இரண்டுக்கும் வீடு பிடிப்பதில் போடுங்கள். ஒரு நாட்டு நாயின் குணத்தைப் பத்து வரியில் படிப்பவர் மனதில் பதியும்படி எழுத உங்களைவிட யாருக்குத் தெரியும்! அதன் பிறகு கிழவியைத் தவிர ஒரு நேரத்தில் ஒன்று, தவிர்க்கவே முடியாவிட்டால் இரண்டு.

இன்னொன்று. மீட்பு அமைப்புகள் முறையாக நடக்கிற இடங்களில் மருத்துவச் செலவை அமைப்பு ஏற்கும், ஃபாஸ்டர் செய்பவர், அதாவது தத்துப் போகும்வரை உங்களைப் போல வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர், தருவது வீடும் நேரமும்தான். நம் ஊரில் பல சமயம் யாரோ ஒருவர் நாயைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு, ‘நீங்கதான் பாத்துக்கணும்’ என்று போய்விடுகிறார். இனி நாய் வாசல்படி தாண்டும் முன்பே மருத்துவரின் பில்லை யார் கட்டுவது என்பதைப் பேசி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கல்நெஞ்சமாகத் தோன்றலாம். ஆனால் உங்கள் கார்டில் ஏறி நிற்கும் 62,000 அப்படிக் கேட்காமல் விட்டதால் வந்ததுதான்.

அந்த 62,000-ஐ இந்த வாரமே டெபாசிட்டிலிருந்து எடுத்துக் கட்டிவிடுங்கள். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 42 சதவீதம், எந்த டெபாசிட்டும் அதன் பக்கத்தில்கூட வராது.

வரி. உங்கள் கையால் நாய்களுக்குச் செய்யும் செலவுக்கு எந்தச் சலுகையும் கிடையாது, எழுத்துத் தொழிலின் செலவாகவும் அதைக் காட்ட முடியாது. 80ஜி அனுமதி பெற்ற விலங்கு நல அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்தால் கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் மட்டும். எழுத்தாளர் ராயல்டிக்கு 3 லட்சம் வரை கழிவு தரும் 80க்யூக்யூபி-யும் அப்படித்தான். உங்களுக்கு இரண்டுமே தேவையில்லை, புதிய முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை, நீங்கள் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆனால் மொழிபெயர்ப்புப் பணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கிற வரி, பிடித்திருக்கிறார்கள், 21,000 ரூபாய். ‘வருமானம் குறைவுதானே’ என்று இரண்டு வருடமாக ரிட்டர்ன் போடாமல் இருந்திருக்கிறீர்கள். கெடுவுக்குள் போட்டால்தான் இந்தப் பணம் சுலபமாகத் திரும்பும், தாண்டிவிட்டால் பெரும்பாடு. 21,000 என்பது மூன்று மாத நாய்ச்சோறு. (வருமான வரிச் சட்டம் 2025 ஏப்ரல் 2026 முதல் நடைமுறைக்கு வந்ததில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, நான் சொல்வது பழைய எண்கள், ஆடிட்டரிடம் பழைய பெயரைச் சொன்னாலே புரியும்.)

அப்புறம் அந்த 68,000. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டியது மட்டுமல்ல, முழுத் தொகையுமே உங்கள் வருமானம். இப்போதைய நிலையில் வரி வராது, ஆனாலும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். நாளை ஒரு பெரிய அறுவை சிகிச்சைக்கு உங்கள் சொந்த ஜிபே எண்ணைப் போட்டு இரண்டு மூன்று லட்சம் திரட்டினால் சிக்கலாகும், பார்ப்பவர்களும் கேள்வி கேட்பார்கள். உதவ முன்வருபவர்களை நேராக மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டச் சொல்லுங்கள், ரசீதை எல்லோருக்கும் காட்டுங்கள். பொதுவான உதவிக்கென்று வருவதற்கு மட்டும் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு போதும். வீட்டுப் பணமும் நாய்ப் பணமும் ஒரே கணக்கில் கிடந்ததால்தான் 13,400 உங்கள் கண்ணுக்கு ஆறாயிரமாகத் தெரிந்தது.

நிலம் ஏன் வேண்டாம்? 15 லட்சத்துக்கு வாங்கினால் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமுமே 9 சதவீதம், 1.35 லட்சம். ஷெட், வேலி, போர்வெல், மின் இணைப்பு, தினமும் போய்வரும் பெட்ரோல், ராத்திரி காவலுக்கு ஒரு ஆள். இதெல்லாம் போகட்டும். இடம் இருக்கிறது என்று தெரிந்தால் ஊரே அங்கே நாய்களைக் கொண்டுவந்து விடும், நான்கு நாற்பதாகும். ஒரு காப்பகத்தை நடத்துவது முழுநேர வேலை, நாவல் அதற்குள் நுழையவே முடியாது. நீங்கள் செய்வது ஒவ்வொரு நாயையும் வீட்டுக்குள் வைத்து, மனிதர்களோடு பழக்கி அனுப்புவது. அது வேறு தொழில், அதில் நீங்கள் கெட்டிக்காரர்.

தவிர, அது அம்மாவின் பணம். 69 வயதில் அவருக்கென்று வேறு வருமானம் இல்லை. 10 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள், இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் அவர் கணக்கில் விழும். ஐந்து வருடத் திட்டம். மீதி 5 லட்சத்தை இரண்டு மூன்று டெபாசிட்டாகப் பிரித்து அவர் பெயரிலேயே வையுங்கள், மருத்துவத்துக்கு உடைக்க வேண்டி வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். உங்களுக்கு மருத்துவக் காப்பீடு இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை, உடனே எடுங்கள், தனிநபர் பாலிசிக்கு செப்டம்பர் 2025 முதல் ஜிஎஸ்டி கிடையாது. நாய்களோடு புழங்குகிறீர்கள், கடிபடுவதற்கு முன்பே போடும் ரேபிஸ் தடுப்பூசியை நீங்களும் அம்மாவும் போட்டுக்கொண்டீர்களா? இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி நாவல். டெபாசிட் 5 லட்சத்தில் கார்டுக்கு 62,000 போக 4.38. ஆறு மாத வீட்டுச் செலவு 1.70 லட்சத்தைத் தொடாமல் ஒதுக்குங்கள். நாய்க் கணக்கில் 50,000. மீதி 2.18 லட்சம். உங்கள் ஆறு மாதச் சம்பளம் 1.08 லட்சம், ஆக விடுப்புக்கான பணம் கையிலேயே இருக்கிறது. அச்சகத்தில் சம்பளமில்லாத விடுப்பு கேளுங்கள், அத்தனை வருடப் பழக்கத்தில் தருவார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: நாய்ச் செலவு தொடர்ந்து மூன்று மாதம் 7,000-க்குள் நின்ற பிறகுதான் விடுப்பு. மிஞ்சும் 1.10 லட்சத்தில் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) தொடங்குங்கள், 15 வருடம், உங்கள் 57 வயதில் முதிரும். பிஎஃப், பென்ஷன் எதுவும் இல்லாத உங்களுக்கு இது மட்டும் போதாது, மொழிபெயர்ப்புப் பணம் வரும்போதெல்லாம் பத்தில் ஒரு பங்கு அதற்குப் போக வேண்டும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி முடிந்து ஒருமுறை வருகிற ராயல்டி, நினைத்தபோது வருகிற மொழிபெயர்ப்புக் கூலி, எல்லாம் குளத்தில் சேர்கிற மழை மாதிரி, மதகைத் திறந்து மாதாமாதம் ஒரே அளவு விட வேண்டியது நீங்கள்தான்.

நாவல் சம்பளத்தை ஈடுகட்டும் என்று மட்டும் எண்ணாதீர்கள். 300 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் 10 சதவீத ராயல்டி 15,000. அரசு நூலகங்களுக்குப் பிரதிகள் வாங்கும் நூலக ஆணை கிடைத்த வருடம் துள்ளும், கிடைக்காத வருடம் படுத்துவிடும். அதனால் ஒப்பந்தத்தைக் கவனியுங்கள், உங்கள் ஐந்து புத்தகங்களில் மூன்றுக்கு ஒப்பந்தமே இல்லை என்று எழுதியிருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்தில், கையெழுத்திட்டுத்தான் மாற்றித்தர முடியும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். ஒலி, மின்னூல், திரைப்பட உரிமைகளைத் தனித்தனியாக எழுதுங்கள், மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் அந்த உரிமை உயிரோடு இருக்கும், அது யாருக்குப் போக வேண்டும் என்று உயிலில் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை.

அந்த உயிலில்தான் கிழவியும் வருகிறாள். அவளை யாரும் தத்தெடுக்கப் போவதில்லை, நீங்களும் கொடுக்கப் போவதில்லை, அவளை ஃபாஸ்டர் கணக்கிலிருந்து எடுத்து வீட்டுச் செலவில் எழுதுங்கள், அவள் உங்கள் வீட்டு ஆள். நாய்க்கு நேரடியாகப் பணம் எழுதிவைக்க நம் சட்டத்தில் வழியில்லை. நீங்கள் நம்புகிற சக ஃபாஸ்டர் ஒருவரிடம் இப்போதே பேசி, நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால்கூட அவளை அவர் பார்த்துக்கொள்வார் என்று முடிவு செய்து, அவர் பெயரில் ஒரு தொகையை எழுதுங்கள். 40,000 போதும் என்று நினைக்கிறேன்.

மூத்த குடிமக்கள் திட்டத்தைத் தொடங்க அஞ்சலகத்துக்கு அம்மாவை அழைத்துப் போகும்போது ஆதார், பான், இரண்டு புகைப்படம், காசோலை எடுத்துக்கொள்ளுங்கள். நாமினி இடத்தில் உங்கள் பெயரை எழுத மறக்க வேண்டாம்.