ஐபோன்: எண்ணும் ஆயுளும்

கேள்வி: 2007-இல் தொடங்கிய ஐபோன் வரிசை இப்போது 17-ஐ எட்டிவிட்டது. முதல் சில தலைமுறைகளில் இருந்த வளர்ச்சி நின்றுபோய், ஆண்டுதோறும் எண்ணை மட்டும் கூட்டி விற்கிறார்கள் என்பது என் எண்ணம். என்னிடம் இருக்கும் 11 நன்றாகவே வேலை செய்கிறது. வயதாகிவிட்டதால் சார்ஜ் மட்டும் முன்போல் நிற்பதில்லை. என் மகன் 17 வாங்கிவிடலாம் என்கிறான். தங்கள் கருத்து என்ன?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் எண்ணத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அறிமுக மேடையில் காட்டப்படும் மாற்றங்கள் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து வருவது உண்மைதான். ஆனால் வளர்ச்சி நின்றுவிட்டது என்ற முடிவை நான் ஏற்கவில்லை. புதிய மாடலில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதை வைத்தே ஒரு போன் வரிசையை அளந்து பழகிவிட்டோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் வந்த மாடல் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பதையும் வைத்து அளக்க வேண்டும். அப்படி அளந்தால், கடந்த பத்தாண்டுகளில் இந்த வரிசையில் நடந்த முக்கியமான மாற்றங்கள் தெரியவரும். அவற்றில் சில, வெளியிலிருந்து வந்த நெருக்கடியால்தான் நடந்தன என்பதும் சேர்ந்தே தெரியவரும்.

தொடக்க ஆண்டுகளின் பாய்ச்சலுக்கு ஓர் எளிய காரணம் உண்டு. 2007 ஜனவரி 9 அன்று ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகப்படுத்திய முதல் ஐபோனில் இல்லாதவை ஏராளம். 3ஜி இல்லை, ஜிபிஎஸ் இல்லை, வீடியோ எடுக்க முடியாது, எழுதியதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்ட முடியாது, வெளியார் உருவாக்கிய செயலிகளை நிறுவ வழியில்லை. கேமரா வெறும் 2 மெகாபிக்சல். அதே ஆண்டு விற்பனைக்கு வந்த நோக்கியா என்95-இல் 5 மெகாபிக்சல் கேமராவும் ஜிபிஎஸ்ஸும் 3ஜியும் இருந்தன. ஐபோன் வென்றது ஒரே ஓர் இடத்தில்: விரலால் தொட்டு இயக்குவதை அது நம்பகமானதாக்கியது. அதன் எழுத்துப் பலகையை மட்டும் பாருங்கள். 3.5 அங்குலத் திரையில் விரல்நுனியைவிடச் சிறிய விசைகளைத் தட்டினால் பிழை வராமல் இருக்காது. எனவே அடுத்து எந்த எழுத்து வரக்கூடும் என்று மென்பொருள் கணித்து, அந்த எழுத்துக்குரிய தொடுபரப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாக்கியது. திரையில் விசை அதே அளவில்தான் தெரியும். விரல் சற்று விலகிப் பட்டாலும் சரியான எழுத்தே விழும். பட்டியலில் சேர்க்க முடியாத இப்படிப்பட்ட வேலைதான் அந்தக் கருவியை நிற்க வைத்தது.

இல்லாதவை ஏராளமாக இருந்ததால், அடுத்தடுத்த தலைமுறைகள் ஒவ்வொன்றும் ஒரு பெரிய பள்ளத்தை நிரப்பின. 2008 ஜூலையில் 3ஜியும் ஜிபிஎஸ்ஸும் வந்தன. அதே மாதம் சுமார் 500 செயலிகளுடன் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது. என் கணிப்பில் இந்த வரிசையின் ஆகப் பெரிய திருப்பம் அந்த ஸ்டோர்தான். அதன் பிறகு வந்த எந்தக் கண்ணாடியும் எந்த லென்ஸும் அதற்கு ஈடில்லை. அந்த ஐபோன் 3ஜி, 2008 ஆகஸ்டில் இந்தியாவில் 31,000 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தபோது இங்கே 3ஜி சேவையே தொடங்கப்பட்டிருக்கவில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கலாம். 2009-இல் வீடியோ, 2010-இல் ஐபோன் 4-உடன் கூர்மையான ரெட்டினா திரையும் முன்பக்கக் கேமராவும், 2012-இல் 4ஜி, 2013-இல் கைரேகைப் பூட்டும் 64-பிட் சிப்பும், 2014-இல் பெரிய திரை என்று பள்ளங்கள் ஏறக்குறைய நிரம்பிவிட்டன.

நிரம்பிய பிறகு என்ன செய்வது என்பதுதான் அந்த நிறுவனத்தின் சிக்கல். 2016-இல் ஐபோன் 7-இல் ஹெட்போன் மாட்டும் துளையை எடுத்தார்கள். 2017-இல் வந்த ஐபோன் எக்ஸ், முகத்தை அடையாளம் காணும் பூட்டோடும் ஓஎல்இடி திரையோடும் 999 டாலர் விலையைத் தொட்டது. பார்த்தவுடன் தெரியும் கடைசிப் பெரிய மாற்றம் அதுவே. 2020-இல் ஐபோன் 12-உடன் 5ஜி வந்தது, பெட்டியிலிருந்து சார்ஜர் போனது. சுற்றுச்சூழலைக் காரணம் காட்டினார்கள். ஆனால் சார்ஜர் இல்லாத வீடுகளில் அது தனிச் செலவாக வந்து சேர்ந்தது. 2022-இல் வந்த ஐபோன் 14-இல் முந்தைய ஆண்டின் 13 புரோவில் இருந்த ஏ15 சிப்பையே வைத்தார்கள். உங்கள் மனக்குறை முழுக்க நியாயமாவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆனால் இதே காலத்தில் நடந்த இன்னொரு கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் அது உங்கள் 11-இன் சார்ஜ் சிக்கலோடு நேரடியாகத் தொடர்புடையது. லித்தியம் பேட்டரி பழையதாகும்போது அதன் கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, மின்சாரம் வெளியேறுவதை உள்ளிருந்தே தடுக்கும் உள்தடையும் கூடுகிறது. கேமராவைத் திறக்கும்போதோ கனமான செயலியை இயக்கும்போதோ சிப் ஒரு கணம் அதிக மின்சாரத்தைக் கேட்கும். பழைய பேட்டரியால் அந்தக் கணத்தில் அதைத் தர முடியாமல் மின்னழுத்தம் சட்டென்று விழும். திரையில் முப்பது சதவீதம் மீதமிருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிடும். 2016-இல் 6, 6எஸ் வைத்திருந்த பலருக்கு இப்படித்தான் நடந்தது. அதைத் தடுக்க, 2017 ஜனவரியில் வெளியான ஐஓஎஸ் 10.2.1 என்ற ஐபோன் இயக்க மென்பொருள், பேட்டரி தளர்ந்த போன்களில் சிப்பின் வேகத்தைத் தேவைப்படும்போது குறைத்தது.

பொறியியல் நோக்கில் இது பிழையான தீர்வு அல்ல; திடீரென்று அணைந்துபோவதைவிட மெதுவாக ஓடுவது மேல். குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. வேகம் குறைக்கப்படுகிறது என்பதையும், பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் திரும்பிவிடும் என்பதையும் போனுக்குச் சொந்தக்காரரிடம் தெளிவாகச் சொல்லவில்லை. போன் கிழடாகிவிட்டது என்று நினைத்துப் புதியதை வாங்கிய ஒவ்வொருவருக்கும் அந்த மௌனத்தால் பணம் நட்டம். வேகத்தை அளந்து பார்த்தவர்கள் 2017 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்ட பிறகே ஆப்பிள் ஒப்புக்கொண்டது, மன்னிப்புக் கேட்டது, அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2020-இல் பிரான்ஸ் 25 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. 2019 ஜனவரியில் வருவாய் எதிர்பார்ப்பைக் குறைத்து முதலீட்டாளர்களுக்கு ஆப்பிளின் தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக் எழுதிய கடிதத்தில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, மலிவு விலையில் பேட்டரி மாற்றிக்கொண்டவர்கள் புதிய போன் வாங்கவில்லை என்பது. பேட்டரி மாற்றினாலே போதும் என்ற நிலையில் எத்தனையோ போன்கள் இருந்தன என்பதற்கு அந்த நிறுவனமே தந்த சான்றாக இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். பேட்டரியின் நிலையைப் பயனரே பார்க்கும் வசதி 2018-இல் வந்தது. 14-இன் உட்புறம் மாற்றி அமைக்கப்பட்டு, உடைந்த பின்கண்ணாடியைத் தனியே கழற்றி மாற்ற வழி பிறந்தது. அதற்கு முந்தைய பல மாடல்களில் அந்தக் கண்ணாடி உடலோடு அழுத்தமாக ஒட்டப்பட்டிருந்ததால், அதை மட்டும் பெயர்த்தெடுப்பது பழுதுபார்ப்பவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. 15-இன் பேட்டரி 1000 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது என்று அறிவித்தார்கள்; அதற்கு முந்தைய மாடல்களுக்குச் சொல்லப்பட்ட அளவு 500. 16-இல், சிறிய மின்னழுத்தத்தைச் செலுத்தினால் பிடி விட்டுவிடும் பசையால் பேட்டரியை ஒட்டினார்கள். 2012 முதல் இருந்த, ஆப்பிளுக்கே உரிய லைட்னிங் சார்ஜ் துளை 15-இல் யூஎஸ்பி-சி ஆனது; பொதுச் சார்ஜரைக் கட்டாயமாக்கி ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டம் இயற்றியிராவிட்டால் அது அவ்வளவு விரைவில் நடந்திருக்காது. 2025 ஜூன் முதல் அதே ஒன்றியத்தில் விற்கப்படும் ஸ்மார்ட்போன்களின் பேட்டரி 800 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும், விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகள் உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்பது விதி. இந்த வளர்ச்சியில் சட்டத்துக்கும் பழுதுபார்க்கும் உரிமைக்காகப் போராடியவர்களுக்கும் உரிய பங்கை நாம் மறந்துவிடக் கூடாது.

நிறுவனத்துக்குச் சேர வேண்டிய பெருமையையும் மறுக்கக் கூடாது. முதல் ஐபோனுக்கு வந்த கடைசி மென்பொருள், 2010 பிப்ரவரியில் வெளியானது. விற்பனைக்கு வந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. 2013-இன் 5எஸ்ஸுக்கோ, 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்புத் திருத்தம் அனுப்பினார்கள். ஒரே வரிசையில், மூன்றுக்கும் குறைந்த ஆண்டுகளிலிருந்து ஒன்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் வரை நீண்டிருக்கும் இந்த ஆயுளைத்தான் நான் இதன் உண்மையான வளர்ச்சி என்கிறேன். எந்த விளம்பரத்திலும் இது முதல் வரியாக வருவதில்லை என்பதே என் வருத்தம்.

இப்போது உங்கள் கைபேசிக்கு வருகிறேன். 11 வந்தது 2019 செப்டம்பரில். ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் 2020-இல் பொருத்தத் தொடங்கிய மாடலும் அதுவே. 2025-இல் வந்த ஐஓஎஸ் 26 அதில் ஓடுகிறது. எனவே அது ஒதுக்கப்பட வேண்டிய கருவி அல்ல. 17-இல் நல்ல மாற்றங்கள் உண்டு. 2021 முதல் விலையுயர்ந்த புரோ மாடல்களுக்கு மட்டும் ஒதுக்கியிருந்த, வினாடிக்கு 120 முறை வரை காட்சியைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரை இப்போது அதில் கிடைக்கிறது, கேமராவும் பல படி மேல். உங்கள் மகனுக்கு ஆப்பிளின் புதிய செயற்கை நுண்ணறிவு வசதிகள் வேண்டுமென்றால் 15 புரோ முதல் வந்த மாடல்களில்தான் அவை இயங்கும், 11-இல் வராது. இவற்றில் எதுவும் உங்கள் தேவை இல்லையென்றால், சார்ஜ் நிற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புதிய போனுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அமைப்புகளில் பேட்டரி என்ற பகுதிக்குள் சென்று அதன் அதிகபட்சக் கொள்ளளவைப் பாருங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரியை மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு, பொது என்ற பகுதியில் 'போனைப் பற்றி' என்பதைத் திறந்தால், வைத்தது அசல் பேட்டரியா என்பதை உங்கள் 11 காட்டும். பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே அதைப் பார்த்துவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோனால், வங்கிப் பரிமாற்றம் நடக்கும் கருவி என்பதால், அதற்கு மேல் தாமதிக்காமல் அப்போது மாற்றிக்கொள்ளுங்கள்.