பெண் பறவைகளும் பாடுமா? பாடினால் எதற்காக?

ஆண் பறவை பாடும், பெண் பறவை அதைக் கேட்டுத் துணையைத் தேர்ந்தெடுக்கும் என்று பள்ளியில் படித்ததாகவும், அது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் சரி. விட்டுப்போன மறுபாதிதான் சுவாரசியமானது.

2014இல் கரன் ஓடம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 323 இனப் பாடும் பறவைகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டிப் பார்த்தார்கள். அவற்றில் 71 சதவீத இனங்களில் பெண்களும் பாடுகின்றன. பாடும் பறவைகளின் பொது மூதாதையிலேயே இரு பாலும் பாடியிருக்க வேண்டும் என்றும் கணித்தார்கள். அப்படியானால் பெண் ஏன் பாடுகிறது என்பதைவிட, சில இனங்களில் பெண் ஏன் பாட்டை விட்டது என்பதுதான் விளக்கம் தேடவேண்டிய விஷயம்.

பழைய எண்ணம் வேரூன்றியதற்குக் காரணம் எளிது. பறவைப் பாட்டை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்தார்கள். அங்கே வலசை வரும் பல இனங்களில் ஆண் முன்னதாக வந்து இடம் பிடித்துப் பாடும். பெண் பிறகு வந்து சேரும். வெப்பமண்டலத்தில் நிலைமை வேறு. பல ஜோடிகள் ஆண்டு முழுவதும் ஒரே எல்லைக்குள் வாழ்கின்றன. அந்த இடம் பறிபோனால் பெண்ணுக்கு உணவும் போகும், கூடும் போகும், துணையும் போகும். வாய்மூடி இருக்க அதற்கு என்ன தலையெழுத்து?

ஐரோப்பாவிலேயே ஒரு நல்ல மறுப்பு இருக்கிறது: ராபின் என்னும் சிறு பறவை. ஆணையும் பெண்ணையும் பார்த்துப் பிரித்தறிய முடியாது. 1930களில் இங்கிலாந்தின் டார்ட்டிங்டனில் பறவையியலாளர் டேவிட் லாக் அவற்றின் காலில் வண்ண வளையங்கள் மாட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டு பின்தொடர்ந்தார். இனப்பெருக்கக் காலம் முடிந்து இலையுதிர்காலம் வந்ததும் பெண் ராபின்கள் தமக்கென்று தனி எல்லை அமைத்துக்கொண்டு பாடுகின்றன. ஆண் நுழைந்தாலும் துரத்துகின்றன. பிறகு குளிர்காலத்தின் நடுவில் ஓர் ஆணின் எல்லைக்குள் ஜோடி சேரும்போது பாட்டு ஓய்ந்துவிடுகிறது. துணை தேடும் பருவத்தில் அல்ல, தனித்து இடம் காக்கும் பருவத்தில்தான் பெண் பாடுகிறது என்பதைக் கவனியுங்கள். (நானும் பறவைகளைக் கவனிப்பவன்தான். புதருக்குள்ளிருந்து பாட்டு கேட்டதும், பறவையைப் பார்க்காமலேயே குறிப்பேட்டில் ஆண் என்று எழுதும் பழக்கம் எங்கள் கூட்டத்தில் இன்னும் சாகவில்லை.)

பனாமாவில் வாழும் பே ரென் இதைவிட ஒரு படி மேலே. ஜோடி சேர்ந்து பாடும் இந்தப் பறவையில் பாட்டைத் தொடங்குவது பெண். ஆண் இடையில் வந்து இணைந்துகொள்ளும். இரண்டின் சுரங்களும் ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று விழுவதால் ஒரே பறவை பாடுவதாகத்தான் காதுக்குப் படும். இவற்றை ஆராய்ந்த ரேச்சல் லெவின், பெண்ணின் பாட்டு மற்றப் பெண்களை எல்லைக்கு வெளியே நிறுத்தவே என்றும், ஆண் சேர்ந்து பாடுவது தன் துணையைக் காத்துக்கொள்ள என்றும் முடிவுக்கு வந்தார்.

இந்தக் காவலுக்கு விலையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் சூப்பர்ப் ஃபேரி ரென் என்னும் சிறு பறவைகளில், அயல் பெண்ணின் பாட்டை ஒலிபெருக்கியில் கேட்டதும் அதிகமாகப் பாடிப் பதிலளிக்கும் பெண்கள் இனப்பெருக்கத்தில் அதிக வெற்றி பெறுகின்றன. ஆனால் வெளியே பாடும் ஆணுக்குக் கூட்டினுள் அமர்ந்தபடியே பதில் பாடும் பழக்கமும் இவற்றுக்கு உண்டு. அப்படி அடிக்கடி பாடும் பெண்களின் கூடுகளில் முட்டைகளும் குஞ்சுகளும் கூடுதலாகப் பறிபோகின்றன. பதிவு செய்த பாட்டைச் செயற்கைக் கூடுகளில் ஒலிக்கவிட்டபோதும், அதிகம் ஒலித்த கூடுகளைத்தான் வேட்டையாடிகள் அதிகம் தேடி வந்தன.