புதுச்சேரி ஏன் இப்படித் துண்டு துண்டாகக் கிடக்கிறது? பேசாமல் தமிழ்நாட்டோடு சேர்த்துவிட்டால் என்ன?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டிக்குப் பத்து வருஷம் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தவன். அந்த ஒரு தகுதியில் சொல்கிறேன்.

காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றும் எங்கெங்கோ இருப்பதற்குப் பதில் சுலபம். பிரெஞ்சுக் கம்பெனிக்கு வேண்டியிருந்தது கப்பலும் சரக்கும் வந்துபோகிற இடங்கள். மலபார்க் கரையில் ஒன்று, கோதாவரிப் பக்கம் ஒன்று, 1739-இல் தஞ்சாவூர்ச் சீமையில் ஒன்று என்று பிடித்துக்கொண்டார்கள்.

வேடிக்கை பாண்டிக்குள்தான். விழுப்புரத்தில் பஸ் ஏறுங்கள். மதகடிப்பட்டில் புதுச்சேரி வந்துவிடும். திருபுவனை தாண்டினால் கண்டமங்கலம், மறுபடியும் தமிழ்நாடு. கொஞ்ச நேரத்தில் வில்லியனூர், திரும்பவும் புதுச்சேரி. சாராயக்கடை போர்டை வைத்தே எந்த எல்லைக்குள் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

இதற்கு ஆற்காட்டு நவாப் பதவிச் சண்டையில் போய்ப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே, பதவிக்குப் போட்டியிட்டவர்களில் ஒருவரான சந்தா சாகிபு பக்கம் நின்றார். அதற்குக் கைம்மாறாக 1749-ஐ ஒட்டி வில்லியனூர், பாகூர் வட்டாரங்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு வந்தன. அந்தக் காலத்தில் கைமாறியது எந்த ஊரின் வரி யாருக்கு என்கிற உரிமை. நடுவில் ஓர் ஊர் விட்டுப்போனால் யாருக்கும் உறுத்தவில்லை. 1761-இல் ஆங்கிலேயர்கள் பாண்டியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அப்புறம் கொடுப்பதும் பிடுங்குவதுமாகப் போனது. கடைசியில் 1814 பாரிஸ் உடன்படிக்கை, 1792 ஜனவரி 1 அன்று எது யாரிடம் இருந்ததோ அதன்படி திருப்பிக் கொடுக்கச் சொன்னது. ஒட்டுத்துணி மாதிரி இருந்த வரி உரிமைகள் அப்படியே எல்லைக்கோடாக உறைந்துவிட்டன.

எங்கள் ஊரை மட்டும் என்ன வாழ்கிறது! 1690-இல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை உள்ள ஊர்கள் அவர்களுக்கு என்று பேச்சு. நாலு பக்கமும் சுட்டு எல்லை குறித்தார்கள். அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர்.

சரி, சேர்த்துவிட்டால் என்ன? 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய, 8 பேர் வேண்டாமென்று. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தானாலும் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. ஆகஸ்ட் 16-ஐ வைத்துத்தான் சட்டப்படியான இணைப்பு. 1963 ஜூலை 1-இல் யூனியன் பிரதேசம்.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த 1956 ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவில் இருக்கிறது. இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலை தொடரும். அதில் அரசியலமைப்பு மாற்றம் எதுவானாலும் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும். அந்த விருப்பம் என்ன என்பது 1979 ஜனவரியில் தெரிந்தது. மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது பக்கத்து மாநிலங்களோடு இணைக்கும் பேச்சு எழ, அதை எதிர்த்துப் பாண்டியே தெருவில் இறங்கிவிட்டது.

இன்றைக்கும் 30 எம்.எல்.ஏ.க்களில் மாஹேக்கு ஒருவர், ஏனாமுக்கு ஒருவர், காரைக்காலுக்கு ஐந்து பேர். அந்தச் சட்டமன்றம் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டு டெல்லியிடம் கேட்பதோ தனி மாநில அந்தஸ்து.