76-இல் ஒரு பங்கு: பழைய டாங்கி கிட்டுகள் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பழைய பேந்தர் (ஜெர்மனி), ஷெர்மன் (அமெரிக்கா) டாங்கிகளின் கிட்டுகள், அதாவது ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரித் தொகுப்புகள், உள்ளன. அவற்றோடு 1/72 அளவில் வந்த வேறு சில டாங்கிகளும் வீரர் உருவங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே டயோரமாவில் (சிறு நிலக்காட்சி அமைப்பில்) வைக்கலாமா?

பதில்: 1960களின் தொடக்கத்திலிருந்து வந்த அந்தப் பழைய ஏர்ஃபிக்ஸ் டாங்கிகள் 1/76 அளவில் அமைந்தவை. ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற பொம்மை ரயில் கணக்கிலிருந்து பிறந்த அளவு அது. 1/72 என்பதோ ஆறடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கு. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஏறத்தாழ ஐந்தரை விழுக்காடு. ஐந்தே முக்கால் அடி உயர மனிதர் ஓர் அளவில் 23 மில்லிமீட்டரும் மற்றதில் 24 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவும் நிற்பார். மனிதர்களில் குட்டையும் நெட்டையும் இயல்பு என்பதால் உருவங்களைக் கலப்பது கண்ணை உறுத்தாது. ஆனால் ஒரே வகை டாங்கியை இரண்டு அளவுகளிலும் அருகருகே நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஜெர்மனியின் டைகர் டாங்கியின் உடற்பகுதி மட்டுமே ஒன்றில் 83 மில்லிமீட்டரும் மற்றொன்றில் 88 மில்லிமீட்டரும் வரும். துப்பாக்கிகள், எரிபொருள் கேன்கள் போன்ற ஒரே அளவில் செய்யப்பட்ட பொருள்களும் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். கலந்தே ஆகவேண்டும் என்றால் 1/76 வண்டியைப் பின்புறத்தில் வையுங்கள். அளவுக் குறைவைத் தொலைவு என்றே கண் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: பெட்டியைத் திறந்தபோது ரப்பர் போன்ற டிராக் பட்டை (டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) ஒரு சக்கரத்தோடு ஒட்டி, அந்த இடத்தில் பிளாஸ்டிக் உருகியதுபோல் இருந்தது. மற்றொரு கிட்டில் பட்டை எந்தப் பசைக்கும் ஒட்ட மறுக்கிறது. என்ன செய்வது?

பதில்: இவை இரண்டு வெவ்வேறு நோய்கள். முதலாவது வினைல் பட்டை. அது வளைந்துகொடுப்பதற்காகச் சேர்க்கப்பட்ட எண்ணெய் போன்ற பொருள் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடுகிறது. கட்டாத கிட்டுகளில் பட்டையை உடனே தனி உறையில் போட்டு வையுங்கள். கட்டும்போது சக்கரங்களுக்கு அக்ரிலிக் வண்ணத்தை முழுமையாகப் பூசி, அதையே இடைத்திரையாக்குங்கள். வினைல் மீது எனாமல் என்ற எண்ணெய் வகை வண்ணத்தைப் பூசினால் அது மாதக்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவது பாலித்தீன் வகை. எந்தப் பசையும் அதைப் பிடிப்பதில்லை. பட்டையின் ஒரு முனையில் உள்ள சிறு முளைகளை மறுமுனைத் துளைகளில் நுழைத்து, சூடாக்கிய பழைய திருப்புளியின் முனையால் மெல்ல அழுத்தி உருக்குவதே இத்தகைய பட்டைகளுக்கு உரிய வழி. முளைகள் உடைந்திருந்தால் மெல்லிய நூலால் இரண்டு தையல் போட்டு, அந்த இணைப்பு மண்ணில் புதையும் அடிப்பக்கத்தில் வருமாறு திருப்பிவையுங்கள். வண்ணம் பூசும் முன் சோப்பு நீரில் கழுவி, நீர்த்த வெள்ளைப் பசையை ஒரு பூச்சாகத் தடவினால் வண்ணம் உரிந்து வருவது பெரிதும் குறையும்.

பட்டை எப்படித் தொங்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோவியத் டாங்கியான டி-34, டைகர் ஆகியவற்றில் மேற்பட்டையைத் தாங்கும் சிறு உருளைகள் கிடையாது. பட்டை தன் எடையால் தளர்ந்து பெரிய சக்கரங்களின் மீதே படிந்து ஓடும். ஷெர்மனில் அந்த உருளைகள் உண்டு. பட்டை இறுக்கமாகத் தெரியும். விறைத்து நிற்கும் பட்டையோடு ஒரு டி-34 நின்றால், மற்றெல்லாம் சரியாக இருந்தாலும் அது பொம்மையாகவே தெரியும். வினைல் பட்டையென்றால், சக்கரத்துக்கும் பட்டைக்கும் இடையே ஒரு துளி சயனோஅக்ரிலேட் பசையிட்டு (சூப்பர் குளூ), உலரும் வரை மேலிருந்து அழுத்திப் பிடித்தால் போதும்.

கேள்வி: மஞ்சளாகிப்போன டிகால்களை (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களை) காப்பாற்ற முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். தாளை ஓர் உறையில் இட்டு, வெயில் படும் சன்னல் கண்ணாடியில் சில வாரங்கள் ஒட்டிவையுங்கள். மஞ்சள் கணிசமாக வெளுக்கும். பிறகு தேவைப்படாத ஒரு சின்னத்தை வெட்டி நீரில் இட்டுப் பாருங்கள். அது துண்டு துண்டாகச் சிதறினால், மீதமுள்ள தாள் முழுவதும் பளபளப்பு வார்னிஷ் பூசி உலர்த்தி, ஒவ்வொரு சின்னத்தையும் அதன் விளிம்பை ஒட்டி வெட்டி எடுங்கள்.

கேள்வி: 1/35 அளவு டாங்கிகளில் செய்த வெதரிங் (தேய்வு, அழுக்கு, துரு ஆகியவற்றைத் தீட்டிக் காட்டும்) முறைகளையே இந்தச் சிறு டாங்கியிலும் செய்தேன். எல்லாம் முடிந்தபின் பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்துவந்ததுபோல் இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: முறையில் தவறில்லை, அளவில்தான் தவறு. இந்த அளவில் வேலை செய்பவர் ஒவ்வொரு தடத்தையும் வைப்பதற்கு முன் அதை 76-ஆல் பெருக்கிப் பார்க்கவேண்டும் என்பதை நான் மிகவும் வற்புறுத்துவேன். பஞ்சால் ஒற்றி எடுத்த வண்ணச் சிதைவு ஒன்று ஒரு மில்லிமீட்டர் இருந்தால், 1/35-இல் அது மூன்றரை சென்டிமீட்டர் உரிசல். 1/76-இல் ஏழரை சென்டிமீட்டர். உள்ளங்கை அகலத்துக்கு வண்ணம் உரிந்த இடங்கள் வண்டியெங்கும் நூற்றுக்கணக்கில் இருந்தால் அது கைவிடப்பட்ட வண்டியாகத்தானே தோன்றும்? நீங்கள் மாதிரியை ஓர் அடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது, உண்மையான டாங்கியை 23 மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்திலிருந்து கீறல்கள் தெரியமாட்டா. புழுதி தெரியும், எண்ணெய்க் கறை தெரியும், வெயிலில் வெளுத்த மேற்பரப்புக்கும் நிழலில் இருக்கும் அடிப்பகுதிக்கும் உள்ள வேறுபாடு தெரியும்.

வண்டியின் வயதையும் கணக்கில் கொள்ளவேண்டும். பேந்தர் முதன்முதலாகப் பெருமளவில் போரிட்டது 1943 ஜூலையில், ரஷ்யாவின் குர்ஸ்க்கில்; ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்தது 1945 மே மாதம். ஆக, எந்தப் பேந்தரும் அந்தப் போரில் முழுதாக இரண்டு ஆண்டுகள் களத்தில் இருந்ததில்லை. தடித்த கவசத் தகட்டை அரித்துத் தின்னும் துரு அதற்குள் வந்துவிடாது. துருவுக்கு உரிய இடம் புகைபோக்கிக் குழாய். அது சூடேறிச் சூடேறி வண்ணத்தை இழந்து விரைவில் செம்பழுப்பாகும். டிராக்கின் தரையைத் தொடும் முகடுகள் தேய்ந்து பளபளக்கும். ஆனால் ரப்பர் அட்டைகள் பொருத்திய ஷெர்மன் டிராக்குகளில் அந்த உலோகப் பளபளப்பைத் தீட்டுவது தவறு. இந்த ஒரு தவறை எத்தனையோ நல்ல மாதிரிகளில் கண்டு வருந்தியிருக்கிறேன்.

வேலையின் வரிசையைச் சொல்கிறேன். அடிப்படை நிறத்தைச் சற்று வெளுப்பாகவே கலந்துகொள்ளுங்கள். சிறிய பொருளில் அதே நிறம் கூடுதல் அடர்த்தியாகத் தெரியும். ஜெர்மானிய வண்டியென்றால் 1943 பிப்ரவரிக்குப் பின் அடிப்படை நிறம் அடர் சாம்பல் அன்று, அடர் மஞ்சள் என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அது உலர்ந்தபின் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டிகால், பிறகு மீண்டும் ஒரு வார்னிஷ் பூச்சு. அதற்குப் பிறகே ஓவியர்களின் எண்ணெய் வண்ணத்தை மணமற்ற தின்னரில் மிக நீர்க்கக் கரைத்து, மூடிகளையும் ஆணித்தலைகளையும் சுற்றி மட்டும் கூர்மையான தூரிகையால் தொட்டுவிடவேண்டும்; வண்டி முழுவதையும் குளிப்பாட்டக் கூடாது. வார்னிஷ் பூசாமல், அவசரத்தில் தின்னரை வழியவிட்ட எனது பழைய சர்ச்சில் டாங்கி மாதிரி ஒன்றில், இறுக்கி ஒட்டிய இணைப்புகளுக்குள் தின்னர் புகுந்து பிளாஸ்டிக்கையே விரிசலுறச் செய்துவிட்டது. அந்தக் கிட் மீண்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

ட்ரை பிரஷ் முறையைச் சிலர் பழைமையானது என்று ஒதுக்குகிறார்கள். புடைப்புகள் சற்றே பெரிதாக வார்க்கப்பட்ட இந்தப் பழைய கிட்டுகளுக்கு அதைப்போல் உதவும் முறை வேறில்லை என்பது என் கருத்து. அடிப்படை நிறத்தைவிட ஒரு படி மட்டுமே வெளுத்த வண்ணம், ஏறக்குறைய உலர்ந்த தூரிகை, விளிம்புகளில் மட்டும்: இவ்வளவே வேண்டும்.

கேள்வி: என் டயோரமாவில் டாங்கி தரைக்கு மேல் மிதப்பதுபோல் தெரிகிறது. மண்ணும் செயற்கையாக இருக்கிறது.

பதில்: டாங்கியை உலர்ந்த தரையின்மேல் கடைசியில் கொண்டுபோய் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தரைக்கான பிளாஸ்டர் அல்லது அக்ரிலிக் பசை ஈரமாக இருக்கும்போதே, டிராக்கில் சிறிது நீர் தடவி வண்டியை அழுத்தி எடுங்கள். உதிரியாக ஒரு துண்டு டிராக் இருந்தால் வண்டி வந்த வழியையும் பதித்துக்கொள்ளலாம். டைகரின் போர்க்களத்துக்கான டிராக் 725 மில்லிமீட்டர் அகலம். 1/76-இல் அது ஒன்பதரை மில்லிமீட்டர். தடத்தின் அகலமும் இடைவெளியும் வண்டியோடு பொருந்தாவிட்டால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ தவறு என்று தோன்றும்.

மண்ணையும் 76-ஆல் பெருக்குங்கள். அரை மில்லிமீட்டர் மணல் நாலு சென்டிமீட்டர்க் கூழாங்கல் ஆகிவிடுகிறது. ஆகவே துணியில் சலித்த நுண்தூளே தரை, மணல் என்பது இங்கே சரளைக்கல். ஆறு மில்லிமீட்டர் செயற்கைப் புல் முழங்கால் உயரத்துக்கு வரும். மேய்ச்சல் நிலத்துக்கு இரண்டு மில்லிமீட்டரே போதும். தரையில் பயன்படுத்திய அதே நிறத்தூளை டிராக்கிலும் உடற்பகுதியின் கீழ்ப்பாதியிலும் தூவி, ஒரு துளி தின்னரால் படியவைத்தால் வண்டி அந்த நிலத்துக்குச் சொந்தமாகிவிடும். சேறு மேலே ஏற ஏறக் குறையவேண்டும். சுழல் கோபுரத்தின் உச்சியில் சேறு இருந்தால் அது வீரர்களின் காலணியிலிருந்து வந்ததாக இருக்கவேண்டும், அதாவது ஏறி இறங்கும் மூடியைச் சுற்றி மட்டும்.

தளத்தின் அளவைப் பொறுத்தவரை, 1970களில் மேட்ச்பாக்ஸ் நிறுவனத்தின் கிட்டுகளோடு வந்த சிறிய தளங்களைப் பாருங்கள். ஒரு வண்டியும் அதைச் சுற்றிச் சில அங்குல நிலமுமே ஒரு காட்சிக்குப் போதும் என்பதை அவை அழகாகக் காட்டின. உங்கள் ஷெர்மனைத் தளத்தின் விளிம்புக்கு இணையாக வைக்காமல் சற்றே சாய்த்து, ஒரு பக்க டிராக்கை மேட்டின்மீது ஏற்றி வைத்துப் பாருங்கள். மீதியிருக்கும் வெற்றிடத்தை எதைக் கொண்டும் நிரப்ப வேண்டாம்.